மணிக்கொரு தடவை அண்ணாந்து பார்த்தவன்!

சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் ரோடு. இரண்டு பக்கமும் அறுப்பு மும்முரம். பைக்கில் நான். ஹெல்மெட்டும் இருந்தது... பெட்ரோல் டேங்க் மேல்! காற்றில் பறந்து வந்த வைக்கோல் தூசி ஒன்று, உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி என் வலது கண்ணில் வந்து உட்கார்ந்தது.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம். பக்கத்து வீட்டு அப்பத்தா, "நாக்கால எடுத்துர்றேன், வாடா" என்று துரத்தியது. மாமா விளக்கெண்ணெய் கட்சி. நான் படித்தவனாச்சே! நேரே மருந்துக் கடை. "கண்ணு செவப்பா இருக்குண்ணே, ஒரு சொட்டு மருந்து குடுங்க!" ஒரே நாளில் சிவப்பு மாயம். மூன்றாம் நாள் கருவிழியில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாய் ஒரு புள்ளி. லைட்டைப் பார்த்தால் ஊசி குத்துகிற வலி.

கண் டாக்டர் முதலில் கேட்டது மருந்து பாட்டிலைத்தான். ஆன்டிபயாடிக்கோடு 'டெக்ஸாமெத்தசோன்' என்ற ஸ்டீராய்டும் அதில் கலந்திருந்தது. சிவப்பைக் குறைத்தது அதுதான். கிருமியோடு உடம்பு போட்ட சண்டையைக் கெடுத்ததும் அதேதான்!

நம்ம பக்கத்துக்கு இது புதுசில்லை. தேனி அப்போது மதுரை மாவட்டத்தோடு இருந்தது. 1993-ல் அந்த மாவட்டத்தில் லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கைவிட பத்து மடங்கு!

மருந்து எது என்பதற்கு முன்னால், கிருமி எது? 1994 ஜனவரியிலிருந்து மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்தப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். சோதனையில் கிருமி வளர்ந்து தெரிந்த 297 பேரில் 140 பேருக்கு பாக்டீரியா மட்டும், 139 பேருக்குப் பூஞ்சை மட்டும். கிட்டத்தட்ட பூவா தலையா! பூஞ்சைக்கு நேடமைசின் மாதிரி தனி மருந்து வேண்டும். பாக்டீரியா மருந்தை லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் போகாது. அதனால்தான் மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். (வலிக்கவில்லை. கண்ணுக்கு நேரே ஆயுதம் வருகிறபோது குலதெய்வம் ஞாபகம் வருவது தனி விஷயம்.)

எனக்கு பாக்டீரியா. இதற்கு இரண்டு வழி. பழைய வழி, செஃபசோலின், டோப்ராமைசின் இரண்டையும் வீரியம் கூட்டி ஆஸ்பத்திரியிலேயே கலந்து, மாற்றி மாற்றி விடுவது. கிருமிகளில் பெரும்பாலானவற்றை வளைத்துவிடும். ஆனால் எரிச்சல் தாங்காது, ஃபிரிட்ஜ் வேண்டும், சில நாளில் வேறு புதுசாய்க் கலக்கணும். இன்னொன்று கடையில் ரெடியாய் வரும் சிப்ரோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் வகை. சிப்ரோ, சூடோமோனாஸுக்குக் கெட்டி. சிலருக்குப் புண் மேல் வெள்ளைப் பொடியாய்ப் படியும். நம்ம ஊரில் அதிகம் கண்ட நிமோகாக்கஸுக்கு மாக்ஸி மேல். டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் கலவை மருந்தையும் மாக்ஸியையும் மோதவிட்டு 2013-ல் வெளியிட்ட முடிவு: நடுத்தரப் புண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். பெரிய, ஆழமான புண்ணுக்கு டாக்டர்கள் இன்னமும் கலவையை விடவில்லை.

ஸ்டீராய்டு ஒரேயடியாக வில்லனா? அதையும் பார்த்துவிட்டார்கள். அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து 500 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2012-ல் வெளியானது. பாக்டீரியாதான் என்று சோதனையில் உறுதி செய்து, 48 மணி நேரம் மாக்ஸி விட்ட பிறகுதான் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டைத் தொட்டார்கள். அப்படியும் மூன்று மாதம் கழித்துப் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசமில்லை. எனக்கோ சோதனை கீதனை எதுவும் இல்லாமல் முதல் நாளே!

மாக்ஸிதான் எழுதினார் டாக்டர். முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு சொட்டு. ஒன்றரைக் கண்ணோடு ஆபீஸில் உட்கார்ந்து மணிக்கொரு தடவை அண்ணாந்தால் மேனேஜர் கேட்கிறார்: "என்னய்யா, இன்க்ரிமென்ட்டுக்கு வேண்டுதலா?"

புண் ஆறிவிட்டது. தழும்பு ஓரத்தில் விழுந்ததால் தப்பித்தேன். நடுவில் விழுந்திருந்தால் கருவிழி தானத்துக்கு வரிசையில் நின்றிருப்பேன். ராத்திரி எதிரே லாரி வந்தால் மட்டும் வலது கண்ணில் வெளிச்சம் சிதறுகிறது. ஹெல்மெட் இப்போது தலையில். கண்ணாடி இறக்கித்தான் இருக்கிறது.