வாப்பா விட்டுச் சென்ற கற்கள்

வீடு, மனை, நகை, வங்கியில் உள்ள பணம் ஆகியவற்றை எவ்வாறு பங்கிடுவது என்பதை நம் இல்லங்களில் பலர் அறிவர். அறியாதவர் மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிவர். ஆனால், காலஞ்சென்ற தந்தையார் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கற்களை விட்டுச் சென்றிருந்தால் என்ன செய்வது?

விந்தையான கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள பகுதி துறைமுகத்தையும் கப்பலையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த பகுதி. ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சென்று உழைத்தவர்கள், சென்ற இடத்தின் நினைவாக ஒரு கல்லை எடுத்து வருவதுண்டு. பெல்லாரி, ஹோஸ்பேட் பகுதிகளின் இரும்புத்தாது நெடுங்காலம் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவே ஜப்பானுக்குச் சென்றது. தூசு மாசு காரணமாக, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2011 அக்டோபர் முதல் அங்கு நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாள்வது நிறுத்தப்பட்டது. அத்துறைமுகத்தில் உழைத்த ஒருவர் வீட்டில் ஒரு செம்பழுப்புத் தாதுக்கட்டி இருக்குமானால், இன்று அது முடிந்துபோன ஒரு காலத்தின் சான்றாகும்.

பெட்டியைத் திறந்ததும் வீட்டார் செய்வது என்ன? பளபளக்கும் கற்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கின்றனர். மங்கலானவை வாசற்படியருகே போகின்றன. கற்களைச் சுற்றியிருந்த பழைய காகிதங்கள் முதலில் குப்பைக்குச் செல்கின்றன. இழப்பு நேர்வது இங்கேதான்! கல் உடைந்தாலும் பாதி எஞ்சும். அது எங்கே கிடைத்தது என்னும் செய்தி தொலைந்தால் அதை எவராலும் மீட்டுத்தர இயலாது.

பல்லாவரத்துக் கல் சொல்லும் பாடம்

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858ஆம் ஆண்டு சேர்ந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு வெறும் சரளை. அவர் கண்ணுக்கோ மனிதக் கையால் செதுக்கப்பட்ட கருவி. இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று அதுவே.

அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்னும் துணைவருடன் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். எண்ணூர் வாசகர்களே, அந்த ஊர் உங்களுக்கு அந்நியமானதன்று. உங்கள் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் வடிநிலத்தில்தான் அது இருக்கிறது. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது. ஃபூட் கண்ட இடம் இன்னதென்று பதிவாகியிருந்ததால்தான் பிற்காலத்தவர் அதே இடத்திற்குச் சென்று ஆராய முடிந்தது.

ஃபூட் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவை பெருந்தொகுப்பாயின. அதைப் பிள்ளைகளின் தலையில் சுமத்திவிட்டுச் செல்ல அவர் எண்ணவில்லை. ஏறத்தாழ 70 வயதில், 1904ஆம் ஆண்டு, 40,000 ரூபாய்க்குச் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு அதை விற்றார். அத்தோடு நின்றாரா? இல்லை. எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்பதைப் பட்டியலாக எழுதும் பணியை முதுமையிலும் தொடர்ந்தார். 1912 டிசம்பரில் அவர் காலமானார். பட்டியல் நூல்கள் 1914, 1916 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவர் மறைந்து நூறாண்டு கடந்தும் அத்தொகுப்பு பயன்படுகிறது என்றால், காரணம் கற்கள் மட்டுமல்ல, அந்தப் பட்டியலுமாகும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தோன்றக் காரணமான செல்வத்தை விட்டுச் சென்றவர் ஜேம்ஸ் ஸ்மித்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் திரட்டிய தாதுக்கல் தொகுப்பும் அங்கே சென்றது. 1865இல் ஏற்பட்ட தீவிபத்தில் கற்களும் அவருடைய கையெழுத்துத் தாள்களும் ஒருசேர அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எதுவும் பாதுகாப்பானதன்று.

முதல் வேலை: பிரிக்காதிருத்தல்

ஆகவே, பெட்டியைத் திறந்தவுடன் எதையும் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள். எந்தக் கல் எந்தக் காகிதத்தில் இருந்ததோ அந்த நிலையிலேயே ஒரு புகைப்படம் எடுங்கள். ஒவ்வொரு கல்லின் அடிப்புறத்திலும் ஓர் எண்ணைச் சிறிதாக எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவ்வெண்ணுக்கு நேரே ஊர், ஆண்டு, கொடுத்தவர், காகிதத்தில் கண்ட சொற்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நோட்டின் படி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

எழுத்தில் இல்லாதவை உங்கள் தாயாரின் நினைவில் இருக்கும். "இந்தக் கல்லை அவர் எப்போது கொண்டுவந்தார்?" என்று கேட்டால், வேலை, பயணம், நண்பர் என்று ஒரு காலமே விரியும். உடன் வேலை பார்த்த பெரியவர்களிடமும் கேளுங்கள்.

அழகைக் கொண்டு மதிப்பிட வேண்டாம். பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கருநீலப் பாறையை நாம் அன்றாடம் மிதித்துச் செல்கிறோம். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் அவ்வகைப் பாறையே என்பதால், 1893இல் தாமஸ் ஹாலண்ட் அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். நம்மூர்ச் சாதாரணப் பாறை உலக நிலவியல் நூல்களில் ஏறிய வரலாறு இது.

இது என்ன கல்?

அபூ ரைஹான் அல்பிரூனி மணிகளைப் பற்றித் தனிநூல் எழுதிய பேரறிஞர். கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். நிறத்தை மட்டும் நம்பாமல், நீரைக் கொண்டு மணிகளின் அடர்த்தியை அளந்து வேறுபடுத்திக் காட்டினார். அவ்வழியை நீங்களும் வீட்டில் பின்பற்றலாம். சமையலறை மின்தராசில் கல்லின் எடையைக் காணுங்கள். பின்னர் நீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். படிகக்கல்லுக்கு ஏறத்தாழ 2.65 வரும், மாணிக்கம், நீலம் ஆகியவற்றுக்கு 4, ஹேமடைட் என்னும் இரும்புத்தாதுவுக்கு 5ஐ ஒட்டி வரும். இந்துப்பு போன்று நீரில் கரையும் கற்களை மட்டும் நனைக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. கற்களில் நஞ்சும் உண்டு. நார்நாராகப் பிரியும் கல்நாரின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மஞ்சள் அரிதாரத்தில் பாஷாணமும், சிவந்த சாதிலிங்கத்தில் பாதரசமும் உள்ளன. சுர்மாக் கல் என்று போற்றி வைத்திருப்பதும் பல வேளைகளில் ஈயத்தாதுவாக இருக்கிறது. சோதித்தறியாமல் அதை உரைத்துக் குழந்தைகளின் கண்ணில் இடாதீர்கள். இத்தகையவற்றைத் தொட்டபின் கைகளை நன்கு கழுவுங்கள்; பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்.

யாருக்கு உரியது?

கற்கள் அற்பமானவை என்று எண்ணி, மூத்த மகன் தாமாகவே முடிவெடுத்துவிடுவதுண்டு. விலை பெறும் எதுவும் மீராஸ் சொத்தின் பகுதியே. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்கிற்கு மிகாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பெண்மக்களின் பங்கும் இதில் அடங்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காலஞ்சென்றவருக்கு மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு பெண் உள்ளனர். பெற்றோர் உயிருடன் இல்லை. தொகுப்பின் மதிப்பு 40,000 ரூபாய் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு 5,000. எஞ்சிய 35,000 ரூபாயில் ஆண்மக்களுக்குத் தலா 14,000, மகளுக்கு 7,000. கற்களை உடைத்துப் பங்கிடத் தேவையில்லை. ஆர்வமுள்ள ஒருவர் தொகுப்பு முழுவதையும் ஏற்று, மற்றவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடலாம்.

அறச்செயலாக ஒரு பள்ளிக்கு அன்பளிப்புச் செய்ய விரும்பினாலும் வயதுவந்த வாரிசுகள் யாவரும் மனமுவந்து இசைய வேண்டும். சிறுவரான வாரிசு ஒருவர் இருப்பின், அவருடைய பங்கைத் தானமாகக் கொடுக்க மற்றவருக்கு உரிமையில்லை. பிறர் பொருளை வழங்கிப் புகழ் தேடுவது தர்மமாகுமா? ஐயமிருப்பின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள்.

வைப்பதா, விற்பதா, கொடுப்பதா?

மணிக்கற்களாகத் தோன்றுபவற்றை முறையான ஆய்வுக்கூடத்தில் சோதித்து, இருவேறு வணிகர்களிடம் விலை கேளுங்கள். கீழக்கரை, காயல்பட்டினம் வணிகர்கள் தலைமுறைகளாக இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். நம்பிக்கையானவர் ஒருவர் உங்கள் சுற்றத்திலேயே இருக்கக்கூடும். மற்றக் கற்களில் பெரும்பாலானவை சந்தையில் பெரிய விலை பெறா. அதை அறிந்தால் உடன்பிறந்தாரிடையே வீண் ஐயமும் மனக்கசப்பும் எழாது.

சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். பவளப்பாறைத் துண்டுகளும் கடல்விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் உள்ளன. அவற்றை விற்க முனையாதீர்கள். வனத்துறையிடம் கேட்டு நடவுங்கள். கைக்கோடரி போன்ற கற்கருவி ஏதேனும் இருப்பின் அதை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிவிடாதீர்கள். தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தொல்லியல் துறையினரிடம் காட்டுங்கள்.

கொடுப்பது என்று முடிவானால், முதலில் பட்டியலையும் படங்களையும் அனுப்பிக் கேளுங்கள். மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நிலவியல் துறைகளை அணுகலாம். அவர்கள் எல்லாவற்றையும் ஏற்பார்கள் என்பதில்லை. இடக்குறிப்பு உள்ள பத்துக் கற்களை விரும்பி ஏற்பவர், குறிப்பில்லாத நூறு கற்களை வேண்டாம் என்று கூறக்கூடும். எழும்பூர் அருங்காட்சியகமே 1851இல், சென்னை இலக்கியச் சங்கம் திரட்டி வைத்திருந்த 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டுதான் தொடங்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு தட்டுக் கற்கள், எண்ணும் குறிப்பும் சேர்ந்து உங்கள் தெருப் பள்ளிக்கூடத்திற்குச் சென்றால் எத்தனை பிள்ளைகளின் கண்கள் திறக்கும்!

அனைத்தையும் கொடுத்துவிடத்தான் வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லை, அதன் சீட்டோடு, நினைவாக வைத்துக்கொள்ளட்டும்.

இதைப் படிக்கும் தந்தையரே, உங்கள் அலமாரியிலும் இப்படியொரு பெட்டி இருக்கிறதா? அப்படியானால் நாளைவரை பொறுக்காதீர்கள். இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, முதல் கல்லின் ஊரை எழுதுங்கள். மனைவி மக்களை அருகில் அமர்த்தி அந்தக் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிவைக்கும் ஒரு வரியை, உங்களுக்குப் பின் உங்கள் மக்கள் எவராலும் எழுத முடியாது.