விலாசம் மாறும் கட்டடங்கள்

கோயில், கோட்டை, ஜமீன் மாளிகை என்றால் நமக்கு வரலாறு. சிறுநகர வங்கிக் கட்டடம் என்றால் சலான் எழுதப் போகிற இடம், அவ்வளவுதான். அதை ஒரு பிரதியாக வாசித்தவர்கள் குறைவு.

நகரத்தார் வழக்கில் 'விலாசம்' என்பது தெருவும் கதவிலக்கமும் அல்ல. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களாலான கடைப்பெயர் அது. பர்மாவிலும் மலாயாவிலும் இந்த விலாசங்கள் குடியிருந்த இடம் கிட்டங்கி. நீண்ட கூடம், கடைக்கு ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை. பெட்டியடிப் பையன், அடுத்தாள், முதலாள் என்று படிநிலை. கவுண்ட்டர் கிடையாது, கம்பி கிடையாது. கடன் கேட்டு வந்தவன் எதிரே உட்கார்ந்து பேசினான். உடனே 'ஆகா, என்ன மனித உறவு' என்று உருகிவிட வேண்டாம். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 அளவில். பெருமந்தத்தில் நெல்விலை சரிந்து கடன் அடைபடாமல் போக, 1938க்குள் அது 25 ஆயிற்று. பாயில் எழுதிய கடன்தான் நிலமாக மாறியது.

1937 பிப்ரவரி 10இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். சொந்த ஊர், தலைநகர், சந்தை: மூலதனம் நடந்த பாதையின் வரைபடம் இது. அதே ஆண்டு ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1963இல் அங்கே ராணுவ அரசு தனியார் வங்கிகளை எல்லாம் எடுத்துக்கொண்டது.

கிட்டங்கி வங்கியானபோது வந்து சேர்ந்தவை கவுண்ட்டர், மேனேஜர் அறை, பெட்டக அறை. கிட்டங்கியின் நம்பிக்கை சாதிக்குள் சுற்றியது. வங்கியோ அவநம்பிக்கையையே நிறுவனமாக்கியது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. (பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பூட்டு செய்தவனுக்குக் கடன் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.)

1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசவுடைமையாயின, ஓவர்சீஸ் வங்கியும் அதில் ஒன்று. கதவு எல்லோருக்கும் திறந்தது. இதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் உள்ளே போன தோல்ஷாப் தொழிலாளியிடம் கேட்கப்பட்டது, 'சூரிட்டி போட யாரு இருக்கா?' சூரிட்டிக்கு ஆளில்லாதவர்கள் தோட்டைக் கழற்றி நகைக்கடன் கவுண்ட்டருக்கு நகர்ந்தார்கள். சாதிவலையின் வெளியில் நின்றவர்கள் ஜாமீன்வலையின் வெளியிலும் நின்றார்கள்.

தனியார் கட்டடங்களின் கதை வேறு. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943இல் மதுரையில் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐசிஐசிஐக்குள் போனது. கரூர் வியாபாரிகள் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17இல் தடை வந்தது: 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், 27ஆம் தேதி, அது சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் தப்பியது, பங்குதாரர்களின் மூலதனம் முழுக்கப் பூஜ்யமாக்கப்பட்டது. பலகையிலிருந்து லட்சுமியும் போனாள், விலாஸும் போயிற்று. செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் அந்தச் சிங்கப்பூரில்தான்.