ஐப்பசிக்கு முன் பறித்து விடுங்கள்! கோட்டக்குப்பம் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு தேதிக் கணக்கு

கோட்டக்குப்பத்தில் உறைபனி விழுமா?

விழாது. மரக்காணம் உப்பளக் கரையில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும்.

ஊட்டியில் அப்படி அல்ல. அங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடும். வெயில் ஏறியதும் இலை கருகும். தாவரவியல் பூங்காவில் மிலார் செடிகளைக் கொண்டு பூஞ்செடிகளை மூடி வைப்பார்கள்.

குளிர் நாடுகளில் இது இன்னும் பெரிய தொல்லை. அதனால் அங்கே தோட்டம் போடுகிறவர்கள் இரண்டு தேதிகளை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கடைசி உறைபனி என்று விழும்? அடுத்த உறைபனி என்று தொடங்கும்? இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில் விதைத்து, காய்த்து, பறித்து முடித்துவிட வேண்டும்.

நல்ல கணக்கு! கோட்டக்குப்பத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. இங்கே பனிக்குப் பதில் புயல். அதோடு உப்பு.

இரண்டு புயல்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாள், சராசரியாக அக்டோபர் 20. அதாவது ஐப்பசி பிறந்த சில நாட்களில். கார்த்திகை முடியும் வரை ஆபத்துக் காலம்.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறிய புயல் நகரவில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்றது! புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. புதுச்சேரிக்கு அடுத்த ஊர்தானே கோட்டக்குப்பம்!

கார்த்திகை போனால் பயம் இல்லை என்று இருந்துவிடலாமா? அதுவும் கூடாது. "தானே" புயல் வந்தது 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலையில். மார்கழி பாதி! புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை ஏறி, பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் வேரோடு சாய்த்தது.

ஆகவே, ஐப்பசி முதல் தேதி தொடங்கி தைப் பொங்கல் வரை ஆபத்துக் காலம் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆடியில் போட்டால் போதுமா?

ஆடிப் பட்டம் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆடி முதல் தேதி, ஜூலை 17 வாக்கில் வரும். அதில் இருந்து அக்டோபர் 20 வரை எண்ணிப் பாருங்கள். 95 நாள்தான்!

வெண்டைக்கு இது போதும். 45 நாளில் காய் வரும். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பறிக்கலாம். கீரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 25 நாளில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும்.

கத்தரிதான் ஏமாற்றும். நாற்றுக்கு ஒரு மாதம். பிடுங்கி நட்ட பிறகு காய்க்க இரண்டு மாதம். ஆடியில் விதை போட்டால், முதல் காய் தலை காட்டும்போது மழை கொட்டும்! செடி நீரில் நின்று வேர் அழுகும். அந்த வீட்டு அம்மா கடையில்தான் கத்தரிக்காய் வாங்க வேண்டும்.

என்ன செய்வது? ஆனி பிறக்கும்போதே ஒரு தொட்டியில் விதையுங்கள். தொட்டியை நிழலில் வையுங்கள். ஆடியில் நாற்றை எடுத்து நடுங்கள். ஒரு மாதம் லாபம்! குளிர் நாட்டுக்காரர்களும் இப்படித்தான் பனிக்கு முன்பே வீட்டுக்குள் நாற்று வளர்க்கிறார்கள்.

இரண்டாவது பருவம் தையில் தொடங்குகிறது. மார்கழியில் தொட்டியில் தக்காளி, கத்தரி விதைத்தால் தையில் நடலாம். கத்தரி வெயில் கொளுத்துவதற்குள் பறித்துவிடலாம்.

வாழையும் முருங்கையும்

தையில் வாழைக் கன்று வைக்கிறவர்கள் உண்டு. அது ஆவணி, புரட்டாசியில் தார் தள்ளும். தார் கனக்கும் நேரத்தில் புயல் வரும். மரம் ஒடியும். ஓர் ஆண்டு உழைப்பு ஒரே இரவில் போகும்!

ஆவணியில் வைத்தால், புயல் வரும்போது கன்று சிறியதாக இருக்கும். காற்று அதிகம் பிடிக்காது. ரகத்துக்கு ரகம் மாதம் மாறும். ஆனாலும் அடுத்த புயலுக்குள் பெரும்பாலும் தார் வெட்டிவிடலாம். கன்றைச் சுற்றி மண் அணைத்து மேடாக வைக்க வேண்டும். தார் போட்ட மரத்துக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுப்பதும் அவசியம்.

முருங்கை மரம் மிகவும் மெத்தென்றது. உயரமாக விட்டால் காற்றில் முறியும். புரட்டாசியில் கிளைகளை வெட்டிவிடுங்கள். பப்பாளிக்கு ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே ஆபத்து. மேட்டில்தான் வைக்க வேண்டும்.

சுவரா? வேலியா?

கடல் காற்று உப்பைச் சுமந்து வரும். அது படிந்தால் இலை ஓரம் கருகும். இதைத் தடுக்க உயரமாகச் சுவர் எழுப்பினால், காற்று சுவரைத் தாவி மறுபக்கம் சுழன்று இறங்கும்! சந்து விட்ட வேலியே மேல். சவுக்கு, பூவரசு, புன்னை மூன்றும் உப்புக் காற்றைத் தாங்கும். வேலி மரம் 20 அடி உயரம் இருந்தால், 200 அடி தூரம் வரை காற்றின் வேகம் குறையும்.

மழையின் நன்மை

இவ்வளவு சொன்னாலும், மழை தோட்டத்துக்கு எதிரி அல்ல. மழை இல்லாவிட்டால் இந்தக் கரையில் தோட்டமே இல்லை!

கடலை ஒட்டிய கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். கோடையில் அதை ஊற்ற ஊற்ற மண்ணில் உப்பு சேரும். பாத்தியின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இதே ஊர்களுக்கு வடக்கே, 30 கிலோ மீட்டரில், மரக்காணத்தில் உப்பு விளைவதும் வெயிலால்தான். மழை வந்ததும் அங்கே வேலை நின்றுவிடும். உப்பளத்துக்காரருக்கு நஷ்டமான அதே மழைதான், தோட்டத்து மண்ணில் இருந்து உப்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது.

அதனால் மழைக்கு முன் பாத்தியை மேடாக்கி, வடிகால் வெட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் சவுக்குச் சருகைப் பரப்பி மண்ணை மூடுங்கள். உப்பு மேலே வருவது குறையும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இரண்டு நாளுக்கு ஒரு முறை நன்றாக ஊற்றுவது நல்லது.

புயல் போன மறுநாள்

முதல் வேலை தண்ணீரை வடிப்பது. இரண்டாவது, நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுவது. உப்பு காய்ந்து ஒட்டுவதற்குள் கழுவிவிட வேண்டும்.

ஒடிந்த முருங்கைக் கிளையை அடுப்புக்குப் போடாதீர்கள். கை கனம் உள்ள கிளையாகப் பார்த்து, மூன்று நான்கு அடி நீளத்தில் வெட்டுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டில் நட்டு, அடி மண்ணை மிதித்துவிடுங்கள். தை பிறக்கும்போது துளிர் விட்டிருக்கும்.