கதிரவனின் மகுடம்

அடுப்பை விட்டு விலகி நின்றால் வெப்பம் குறையும். இது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் கதிரவனிடம் இவ்விதி செல்லவில்லை! அதன் மேற்பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேடு. அதைச் சூழ்ந்துள்ள மெல்லிய வாயு மண்டலத்திலோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல்! இம்மண்டலத்தின் பெயர் கொரோனா. லத்தீன் மொழியில் மகுடம் என்று பொருள்.

பட்டப்பகலில் ஏற்றிய மெழுகுவர்த்தியைப்போல், கதிரவனின் பேரொளியில் இம்மகுடம் மறைந்துவிடுகிறது. முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டும் சில நிமிடங்கள் வெண்மையாகத் தோன்றும். மேலும், அது வீசும் எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. நமக்கு அது கேடயம், விஞ்ஞானிகளுக்கோ திரை! ஆகவே கருவிகளை மேலே அனுப்பலாயினர்.

2019 செப்டம்பர் 18 அன்று, அமெரிக்காவின் நாசாவும் தென் கொரிய விஞ்ஞானிகளும் நியூ மெக்ஸிகோவிலிருந்து ஒரு பெரிய பலூனைப் பறக்கவிட்டனர். சுமார் 35 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகக் குறைவு, வானம் இருண்டிருக்கும். தொலைநோக்கியில் ஒரு வட்டத் தகடு கதிரவனை மறைக்க, செயற்கைக் கிரகணம் உண்டாயிற்று. பலூன் பல மணி நேரம் மிதக்கும். ஆனால் எக்ஸ் கதிர்கள் அந்த உயரத்தையும் எட்டுவதில்லை. அதற்கு ராக்கெட்டே வேண்டும்.

இந்த ராக்கெட் பூமியைச் சுற்றுவதில்லை. எறிந்த பந்துபோல் மேலே சென்று கீழே விழும். 1958 அக்டோபர் 12 அன்று, தென் பசிபிக் கடலில் ஒரு கப்பலிலிருந்து ஃப்ரீட்மன் குழுவினர் கிரகண வேளையில் ராக்கெட்டுகளை ஏவினர். நிலவு கதிரவனை முற்றும் மறைத்தும் எக்ஸ் கதிர்கள் வந்துகொண்டே இருந்தன. அவை கொரோனாவிலிருந்தே வருகின்றன என்பது தெளிவாயிற்று.

2012 ஜூலை 11 அன்று ஏவிய 'ஹை-சி' ராக்கெட், ஏறத்தாழ 10 நிமிடப் பயணத்தில் 165 படங்களை எடுத்தது. கொரோனாவின் காந்தப் புரிகள் நம் கூந்தல் பின்னலைப்போல் பின்னிக் கிடந்ததை அவை காட்டின. அப்பின்னல் அவிழும்போது வெளிப்படும் சக்தி கொரோனாவைச் சூடாக்குகிறது என்பது ஒரு கருத்து. ஆயினும் விஞ்ஞானிகளின் விவாதம் இன்னும் முடியவில்லை.

தோழியரே! "பத்து நிமிடந்தானே" என்று நாம் எத்தனை முறை பொழுதை வீணாக்குகிறோம்? அந்தப் பத்து நிமிடத்திற்காகப் பல ஆண்டுகள் உழைத்தோரும் உண்டு. மிச்சமுள்ள புதிருக்கு நம்முள் ஒருத்தி விடை காணலாகாதா?

— பத்தாம் வகுப்பு மாணவி