மணல் பூமியிலிருந்து ஒரு படகோட்டி!

நீங்க செங்கல்பட்டு பக்கத்து ஆளா பாஸ்? அப்போ உங்க ஊர்ல கண்டிப்பா ஒரு ஏரி இருக்கும். பறவைகள் வந்து இறங்கும் வேடந்தாங்கல், கொஞ்ச தூரத்துல மதுராந்தகம், செங்கல்பட்டு ஸ்டேஷனை ஒட்டியே கொளவாய்... சும்மாவா 'ஏரி மாவட்டம்'னு பேர் வாங்கினோம்! சரி, இத்தனை தண்ணியை வெச்சுக்கிட்டு துடுப்புப் படகுப் போட்டியில ஜெயிச்ச நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்!

டென்மார்க்கின் எஸ்கில்ட் எபெசன் 1996, 2004, 2008-னு மூணு ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சார். அங்கே எந்தப் பக்கம் போனாலும் கடல்தான், ஆச்சர்யம் கம்மி. ஆனா, ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் துடுப்புப் படகு தங்கம் வாங்கித் தந்தவர் எந்த ஊர் தெரியுமா? ராஜஸ்தானின் சிகார் மாவட்டம். மணல் பூமி! பேர், பஜ்ரங் லால் தாக்கர்.

ராஜ்புதானா ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்த பிறகுதான் துடுப்பு அவர் கைக்கு வந்தது. அவருடைய போட்டி 'சிங்கிள் ஸ்கல்ஸ்'. ஒரே ஆள், ரெண்டு துடுப்பு, 2,000 மீட்டர். எல்லைக் கோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வலிக்கணும். சீட் முன்னும் பின்னும் நகரும்; அதனால கையைவிட காலுக்குத்தான் வேலை அதிகம். சோர்ந்துபோனா, துடுப்பை வாங்கிப் போட பக்கத்துல ஆள் கிடையாது.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 21-வது இடம்தான். மனுஷன் அசரலை. 2010 நவம்பர், சீனாவின் குவாங்சோ நகரம்... 7 நிமிடம் 4.78 விநாடி. தங்கம்! 2008-ல் அர்ஜுனா விருது வாங்கியிருந்தவருக்கு, 2013-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

அதோட முடியலை. 2018 ஆசிய விளையாட்டில் நாலு பேர் ஓட்டும் படகில் இந்தியாவுக்கு மறுபடி தங்கம். அந்த நாலு பேரில் ஒருத்தர் தத்து போகனல். நாசிக் மாவட்டத்து வறட்சி கிராமத்துக்காரர், அப்பாவோட கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். அவரும் துடுப்பைத் தொட்டது ராணுவத்தில்தான். 2023 ஹாங்சோவில் ரெண்டு வெள்ளி, மூணு வெண்கலம். ஆனா, அதுவரைக்கும் தனியாளா தங்கம் வாங்கிய இந்தியர் தாக்கர் மட்டுமே!

யோசிச்சுப் பாருங்க. பாலைவனத்துப் பையனுக்கும் கிணறு வெட்டினவருக்கும் ஊர்ல தண்ணி இல்லை. 'வா, ஏறி உட்காரு'னு கூப்பிட ஆள் இருந்தது, படகு இருந்தது, தினமும் பயிற்சி இருந்தது. நமக்கு தண்ணி மட்டும்தான் இருக்கு! அடையாற்றங்கரை மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் ஆரம்பிச்சது. அந்தத் துடுப்பு செங்கல்பட்டு தாண்டி வர எத்தனை வருஷம் ஆகும்?

வேடந்தாங்கல் பறவைகளுக்கே இருக்கட்டும், அங்கே யாரும் படகு இறக்க வேணாம். மத்த ஏரிகள் சும்மாதானே கிடக்கு? உங்க கிளாஸ் கடைசி பெஞ்சுல, காலை மடக்க இடமில்லாம ஒரு நெட்டையன் உட்கார்ந்திருப்பான். இல்லேன்னா ஒரு நெட்டச்சி. முதல்ல அவங்ககிட்ட தாக்கர் கதையைச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து பி.டி. சாரைப் போய்ப் பாருங்க!