ஈர்ப்புத் துகள் அமைப்புகளின் உருவகப்படுத்தல்: நிகழ்தகவு நுழையும் இடம்

பல இலட்சம் விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்து ஒரே தொகுதியாக நிலைபெற்றிருப்பதைக் கோளக விண்மீன் கொத்து என்பர். அதன் நெடுங்கால மாற்றத்தைக் கணினியில் உருவகப்படுத்த இரு வழிகள் உள. நியூட்டனின் இயக்கச் சமன்பாட்டை ஒவ்வொரு துகளுக்கும் நேரடியாகத் தீர்ப்பது உறுதிநிலை முறை. தனித்தனிச் சந்திப்புகளைக் கணக்கிடாமல் அவற்றின் திரண்ட விளைவை எழுமாற்று எண்களால் பெறுவது நிகழ்தகவு முறை. முன்னது மெய்யையும் பின்னது தோராயத்தையும் தருவதாகக் கொள்வது வழக்கம். இவ்வேறுபாடு அத்துணை எளிதன்று என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நேரடி முறையின் இடர் கணக்கின் அளவில் தொடங்குகிறது. பத்து இலட்சம் துகள்களுக்கு எல்லா ஈர்ப்பு விசைகளையும் ஒருமுறை மதிப்பிடுவதற்கே ஏறத்தாழ 50,000 கோடி இணைகளைக் கையாள வேண்டும். எனினும் இது கருவி வளர்ச்சியால் குறையக்கூடிய இடர். 1964இல் ரிச்சர்டு மில்லர் சுட்டிய இடரோ இயல்பிலேயே உள்ளது: தொடக்கநிலையில் உள்ள மிக நுண்ணிய வேறுபாடும் அடுக்குக்குறி வீதத்தில் பெருகுகிறது. ஒரு விண்மீன் கொத்தைக் குறுக்கே கடக்கும் காலத்தைக் கடப்புக்காலம் என்போம். ஒவ்வொரு கடப்புக்காலத்திலும் பிழை சுமார் 2.7 மடங்காவதாகக் கொண்டால், பதினாறு இலக்கத் துல்லியமுள்ள கணக்கும் ஏறத்தாழ 37 கடப்புக்காலங்களில் பயனற்றுப் போகும். பத்து இலட்சம் விண்மீன்களுள்ள கொத்தின் தளர்வுக்காலமோ சுமார் 7,000 கடப்புக்காலங்கள். அறிய விழையும் காலத்தில் நூறில் ஒரு பங்கு கழியுமுன்பே தனித்தனி விண்மீன்களின் பாதைகள் பொருளிழந்துவிடுகின்றன. விசைகளைக் கூட்டும் வரிசை மாறினாலே விடை மாறும். ஆகவே உறுதிநிலை என்னும் சொல் சமன்பாட்டுக்குப் பொருந்துமேயன்றி விளைவுக்குப் பொருந்தாது. ஆற்றல் பரவல், உட்கரு ஆரம் போன்ற சராசரி அளவைகள் சரியாகவே அமைகின்றன என்பது நடைமுறை நம்பிக்கை. அதற்குப் பொதுவான கணித நிறுவல் இல்லை.

மிஷேல் ஹெனான் 1971இல் வெளியிட்ட மாண்டே கார்லோ முறை இதனை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது எனலாம். துகள்கள் மையத்திலிருந்துள்ள தொலைவின்படி வரிசைப்படுத்தப்படுகின்றன. அடுத்தடுத்த இரண்டு இணையாக்கப்படுகின்றன. எண்ணற்ற தொலைச் சந்திப்புகளின் ஒட்டுமொத்த விளைவுக்கு ஈடான ஒரே விலக்கம் அவ்விணைக்கு அளிக்கப்படுகிறது. பின்னர், சுற்றுப்பாதையின் எப்பகுதியில் துகள் மிகுதியான நேரம் தங்குமோ அப்பகுதிக்கு மிகுதியான வாய்ப்பளித்துப் புதிய இருப்பிடம் எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்படுகிறது. கோளச் சமச்சீர்மை இதன் விலை. சுழலும் கொத்துகளை இது கையாளாது. இரட்டை விண்மீன்கள் பிறவற்றை நெருங்கும்போது நிகழ்தகவு முறையின் நிரல்களும் நேரடிக் கணக்கையே நாடுகின்றன என்பதும் கருதத்தக்கது.

பத்து இலட்சம் துகள்களுள்ள ஒரே தொடக்க மாதிரியை இரு முறைகளிலும் இயக்கிய ஒப்பீடு 2016இல் வெளிவந்தது. ஒட்டுமொத்த மாற்றத்தில் இரண்டும் நன்கு ஒத்துப்போயின. 1,200 கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கருந்துளைகள் கொத்தில் எஞ்சுவதை இரண்டுமே காட்டின. சிறு வேறுபாடுகள், மிகச் சில துகள்களே இயக்கத்தை ஆளும் உட்கருவுடன் தொடர்புபடுத்தப்பட்டன.

இங்கு இக்கட்டுரையாளருக்கு ஓர் ஐயம் உண்டு. நேரடி ஓட்டம் ஒன்றே ஒன்றாயின், அதனின்று விலகுவதெல்லாம் மாண்டே கார்லோவின் பிழையாகுமா? நேரடி முறையிலேயே வெவ்வேறு எழுமாற்றுத் தொடக்கங்களைக் கொண்டு பல ஓட்டங்கள் நிகழ்த்தி, அவற்றிடையே உள்ள சிதறலை முதலில் அளக்க வேண்டும். அச்சிதறலை மிஞ்சும் விலக்கமே முறையின் பிழை. பத்தாயிரம் துகள்களுக்கு இது இயலும். பத்து இலட்சத்துக்கு ஓர் ஓட்டமே மிக நீண்ட கணினி நேரத்தை விழுங்குகிறது.