கொட்டகைக் குதிரையும் 11 எம்பி படமும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுத்து காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வருகிறவர்கள் எல்லோரும் வளைவைப் படமெடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு மட்டும் குதிரைப் பைத்தியம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய்வந்தவன், கேமராவை நீட்டிக் கேட்டான்:

"அண்ணா, வெளிய வெயில்ல எடுத்தது 6 எம்பி. கொட்டாய்க்குள்ள எடுத்தது 11 எம்பி. அதே கேமரா, அதே குதிரை. அப்ப உள்ள எடுத்ததுதானே ஒசத்தி? அதையே பிரேம் போடக் குடுத்துரட்டுமா?"

வேண்டாம் என்றேன். அந்தப் பதினொன்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு வெறும் குப்பை. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதற்குக் கொட்டகைக்குள்ளிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நடுப்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். தகரமோ தார்ப்பாயோ போட்ட கொட்டகைக்குள் ஒரு டியூப்லைட் எரிந்தால் நூறோ இருநூறோ தேறும். அதாவது ஐந்நூறு, ஆயிரம் மடங்கு குறைவு. உள்ளே நுழைந்த ஒரு நிமிடத்தில் நம் கண் பழகிக்கொள்வதால் நமக்கு இது உறைப்பதில்லை. கேமராவுக்கு அந்த வித்தை தெரியாது. அதற்கு மூன்றே வழி: லென்ஸின் வாயை அகலத் திறப்பது, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது, ஐஎஸ்ஓவை ஏற்றுவது.

லென்ஸ் வாய் எவ்வளவு திறக்கும் என்பது நீங்கள் கொடுத்த காசைப் பொறுத்தது. கேமராவோடு வரும் சாதாரண லென்ஸ் சீக்கிரமே கைவிரித்துவிடும். ஷட்டரை மெதுவாக்கலாம் என்றால் குதிரை விடாது. நிற்கிற குதிரை நிற்பதே இல்லை. காதைத் திருப்பும், ஈ உட்கார்ந்த இடத்தில் தோலைச் சிலிர்க்கும், கொள்ளுப் பையில் மூக்கை நுழைத்து உதறும். அமைதியாக நிற்கும்போது நொடியில் 125இல் ஒரு பங்கு போதும். தலையை உதறுகிற குதிரைக்கு 500இல் ஒரு பங்காவது வேண்டும். இதற்கும் அதற்கும் நான்கு மடங்கு வெளிச்சம் வித்தியாசம்.

குதிரைக்கும் வெளிச்சத்துக்கும் நடக்கும் இந்த இழுபறி பழையது. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயம் தரையை விட்டு எழுகின்றன என்று வரிசையாக வைத்த கேமராக்களால் காட்டினார். அன்றைய ஈரக் கண்ணாடித் தகடுகளுக்கு உணர்திறன் மிகக் குறைவு. அதனால் நல்ல வெயிலில், ஓடுபாதைக்குப் பின்னால் வெள்ளைத் திரை கட்டி வைத்துத்தான் அதைச் சாதித்தார். லாயத்துக்குள் முயன்றிருந்தால் ஒரு தகட்டிலும் ஒன்றும் விழுந்திருக்காது.

நமக்கு ஐஎஸ்ஓ இருக்கிறது. 6400க்கு ஏற்றினால் இருட்டிலும் படம் வரும். ஆனால் ஐஎஸ்ஓ புதிதாக வெளிச்சத்தைக் கொண்டுவருவதில்லை. ரேடியோவில் தூரத்து ஸ்டேஷன் மெலிதாகக் கேட்கிறது என்று ஒலியைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடும் இல்லையா, அதே கதைதான். படத்தில் அந்தக் கரகரப்பு மணல் தூவியதுபோல் வந்து நிற்கும். ஸ்டுடியோக்காரர்கள் 'கிரெய்ன்ஸ் அடிக்குது' என்பார்கள். பையனின் 11 எம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிடரி மயிரில், பின்னாலிருந்த தட்டியில், தரையில், எங்கும் அந்த மணல்தான்.

மணல் ஏன் எம்பியைக் கூட்ட வேண்டும்? கணக்கு எளிது. அவனுடைய கேமரா எடுப்பது 6000 பிக்செல் நீளம், 4000 பிக்செல் உயரம். பெருக்கினால் 2.4 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். சுருக்காமல் அப்படியே வைத்தால் 72 எம்பி. வெயில் படம், இருட்டுப் படம் இரண்டுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். ஆக, படத்தின் அளவு என்பது பிக்செல். எம்பி என்பது அதைச் சுருக்கிக் கட்டிய மூட்டையின் எடை.

மூட்டை கட்டுவது ஜேபெக். அது படத்தை எட்டுக்கு எட்டு, 64 பிக்செல் கொண்ட குட்டிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. வெயில் படத்தில் குதிரைக்குப் பின்னால் நீல வானம். அந்தக் கட்டத்தைப் பற்றி '64ம் நீலம், மேலே கொஞ்சம் வெளுப்பு' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். மணல் தூவிய கட்டத்தில் ஒன்று கருநீலம், பக்கத்தில் சாம்பல், அடுத்தது செந்நிறம் என்று புள்ளிக்குப் புள்ளி வேறு. ஒரே வரியில் சொல்ல வழியில்லாமல் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. மூட்டை கனக்கிறது. ஜேபெக்குக்கு மயிர் எது, மணல் எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே அக்கறையோடு சேமித்து வைக்கிறது.

அந்தச் சுருக்கலுக்கு அடிப்படையான கணக்குமுறையை 1974இல் வெளியிட்டவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். ஜேபெக் தரமுறையாக அது உலகத்துக்கு வந்தது 1992இல். நம் போனில் இருக்கிற படங்களில் பெரும்பாலானவை இந்த மூவரின் கணக்கில் ஓடுகின்றன, பெயர்தான் யாருக்கும் தெரியாது.

போனில் எடுத்தால் கதை சில சமயம் தலைகீழாகும். போனின் மென்பொருள் மணலைத் தானாகவே வழித்தெடுக்கிறது. வழிக்கிற வேகத்தில் பிடரி மயிரும் சேர்ந்து போய், குதிரை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்ததுபோல் வழவழவென்று நிற்கும். எம்பி குறையும், படமும் போகும். '50 மெகாபிக்செல்' என்று விளம்பரம் செய்த போன்கள் பெரும்பாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்செல் படத்தையே தருகின்றன. கொட்டகைக்குள் அதை அப்படியே விடுங்கள். 50க்கு மாற்றினால் மூட்டைதான் கனக்கும்.

சரி, கொட்டகைக்குள் உருப்படியாக எடுக்கவே முடியாதா என்றால் முடியும். டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கலாம், காரணம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகின்றன. ஷட்டரை 500இல் ஒரு பங்குக்கு வைத்தால் ஒரு படம் வெளுப்பு, அடுத்தது இருட்டு, இன்னொன்றில் குறுக்கே பட்டை. கதவு வழியாக வரும் பகல் வெளிச்சத்துக்கு இந்த நோய் கிடையாது. குதிரைக்காரரிடம் பணிவாகச் சொல்லி, குதிரையை வாசலில் இருந்து நான்கைந்து அடி உள்ளே, முகம் வெளியைப் பார்க்க நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் கொட்டகை இருளாக இருக்கும், முகத்தில் மெத்தென்று வெளிச்சம் விழும். ஐஎஸ்ஓ 800இலேயே காரியம் முடிந்துவிடும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டில் முகத்துக்கு நேரே அடித்தால் குதிரை மிரளும். கட்டுக்கயிறு எத்தனை பலம் என்று சோதித்துப் பார்க்க அது நேரமில்லை. மிரளாவிட்டாலும், குதிரையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. கண் பச்சையாக எரிவதுபோல் பதிவாகும். மூக்கின் நுனிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் குதிரைக்குக் கண் தெரியாத இடங்கள். அங்கே போய் நிற்காதீர்கள். பக்கவாட்டில், தோள் உயரத்தில் கேமராவைப் பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். போனை மூக்கருகே கொண்டுபோனால் முகம் பாதி, உடம்பு பாதி என்று குதிரை கழுதையாகிவிடும்.

நிறமும் ஒரு வம்பு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும், அவனோடு போரிட்ட காரியின் குதிரைக்குக் காரி என்றும் பெயர் என்று சிறுபாணாற்றுப்படை வழியாக அறிகிறோம். காரி என்றால் கறுப்பு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறம் என்றே நினைக்கும். ஆகவே கறுப்புக் குதிரையை வெளுக்க வைக்கும், வெள்ளைக் குதிரையை அழுக்காக்கும். எக்ஸ்போஷர் பட்டனில் காரிக்கு ஒரு படி குறையுங்கள், வெள்ளைக்கு ஒரு படி கூட்டுங்கள். கேமராவில் ஜேபெக்காக மூட்டை கட்டாமல் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வசதி இருந்தால் கொட்டகையில் அதையே வையுங்கள். கனம் கூடும்தான், ஆனால் இது குப்பையின் கனம் அல்ல. நிழலில் மறைந்த கறுப்பு மயிரைப் பிறகு மீட்டெடுக்க உதவும் கனம்.

இனி பிரேம் விஷயம். 12க்கு 18 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அடிக்க 3600க்கு 5400 பிக்செல் தேவை. அவனிடம் அதைவிட அதிகமாகவே இருந்தது. வெயில் படமே போதும், ஃபைலை அனுப்பு என்றேன். வாட்ஸ்அப்பில் வந்தது. எடை 240 கேபி, நீளம் 1600 பிக்செல். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அப்படித்தான் சுருக்கும். 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89 புள்ளிதான் மிஞ்சும். 20 முதல் 50 கேபிக்குள் படம் கேட்கும் தேர்வு விண்ணப்பத்துக்கு இந்தச் சுருக்கல் ஒத்தாசை. கூடத்தில் மாட்டுகிற பிரேமுக்கு இது ஆகாது.

"ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்புடா" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். வாட்ஸ்அப்பில்தான் போய்விட்டதே என்று முந்தின நாள் ராத்திரியே வெயில் படங்களை அழித்துவிட்டானாம். எம்பி அதிகம் என்பதால் கொட்டகைப் படத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தான்.

பிரிண்ட் கைக்கு வரும்வரை கார்டை அழிக்காதீர்கள்.